ஓடுகிற பிள்ளைகளின் கதையை நிறுத்தாதீர்கள்: எங்கள் வாசகசாலை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் மாஷுக்கும், செயலாளருக்கும், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துவிட்டு எழுதுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வாசகசாலையின் குழந்தைகள் பிரிவான பாலவேதியில் நடந்துவந்த கதை நேரம் நிறுத்தப்படுகிறது. அந்த நேரத்தில் ஹால் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுப் பயிற்சிக்குப் போகிறது. இந்த வருட கிராண்டில் வாங்க வேண்டிய பட்டியலில் இருந்து இரண்டு புத்தகங்கள் அடிக்கப்பட்டிருக்கின்றன. தமிழ் அலமாரி மாடி அறைக்கு மாற்றப்படுகிறது. இத்தனைக்கும் காரணமாக எழுதியிருப்பது ஒரே வரி: படிப்புக்கு உதவாத விளையாட்டுக் கதைகள், அதிலும் குடி, திருட்டு எல்லாம் வருவதால் குழந்தைகளுக்கு ஏற்றவை அல்ல.

இந்த முடிவை எடுக்கும் முன் கதை சொல்லும் என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வரும் பிள்ளைகளிடமும் கேட்கவில்லை. அந்தப் புத்தகங்களைக் குழுவில் ஒருவராவது படித்தீர்களா என்பதும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. படித்திருந்தால் அந்த ஒரு வரியை எழுத உங்களுக்குக் கை வந்திருக்காது என்று நம்புகிறேன். அதனால் அந்தப் புத்தகங்களைப் பற்றியே முதலில் சொல்கிறேன். ஊர்க்காரர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நீங்கள் அடித்த இரண்டு புத்தகங்கள் 'சன்னி', 'லூ'. அமெரிக்க எழுத்தாளர் ஜேசன் ரெனால்ட்ஸ் வளரும் பிள்ளைகளுக்காக எழுதிய 'டிராக்' வரிசையில் மூன்றாவதும் நாலாவதும். முதல் இரண்டான 'கோஸ்ட்', 'பட்டீனா' ஏற்கெனவே நம் வாசகசாலையில் இருக்கின்றன. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பெட்டியில் வந்தவை அவை. 2016க்கும் 2018க்கும் இடையில் இந்த நாலும் வெளிவந்தன. ஒரே ஓட்டக் குழுவில் புதிதாகச் சேரும் நாலு பிள்ளைகள். ஆளுக்கு ஒரு புத்தகம். தன் கதையைத் தானே சொல்லும்.

பால் சொசைட்டியில் காலைப் பால் அளந்து முடிந்து வண்டி போய்விட்டால், சாயங்காலப் பால் வரும்வரை எனக்கு நேரம் கிடைக்கும். 'கோஸ்ட்' படித்தது அங்கேதான். தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். ஒரு இங்கிலீஷ் நாவலை முதல் பக்கத்தில் இருந்து கடைசி வரை அதற்கு முன் படித்ததே இல்லை. புரியாத சொல்லுக்கெல்லாம் போனில் அர்த்தம் பார்த்துக்கொண்டு தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் அர்த்தம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அந்தப் பையன் ஓட ஆரம்பித்துவிட்டான், அவனை விட்டுவிட்டு நான் எங்கே நிற்பது?

காஸில் கிரான்ஷா என்று பெயர். கோஸ்ட் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவன். ஏழாம் வகுப்பு. ஒரு ராத்திரி அவன் அப்பா குடித்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்து அவனையும் அவன் அம்மாவையும் சுட வருகிறார். இரண்டு பேரும் வீட்டை விட்டு ஓடுகிறார்கள். தெருவில் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் உள்ளே விட்டு ஒளித்து வைக்கிறார். அப்பா ஜெயிலுக்குப் போகிறார். தனக்கு ஓட வரும் என்று அவனுக்குத் தெரிந்ததே அந்த ராத்திரியில்தான். பிறகு ஒரு நாள் பார்க்கில் ஒரு கோச் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பதைப் பார்க்கிறான். யாரும் கூப்பிடாமலே இறங்கி, அங்கே வேகமாக ஓடும் பையனோடு சரிக்குச் சரி ஓடிக் காட்டுகிறான். அந்த கோச் டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவர். அவர் அவனை விடுவதில்லை.

எனக்கு இந்தக் கதை ஏன் இவ்வளவு பிடித்தது என்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் 800 மீட்டர் ஓடியவள். சப்-ஜில்லா வரை போயிருக்கிறேன். நம் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டால் சுற்று 200 மீட்டர்தான் வரும். 800க்கு நாலு சுற்று. மார்கழி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்து அடிக்கும்போது ஒரு பக்கம் ஓடுவது சுகமாக இருக்கும், வளைந்து எதிர்ப்பக்கம் வந்தால் காற்று நெஞ்சைப் பிடித்துத் தள்ளும். மூன்றாவது சுற்றில் தொடை இறுகி, வாயில் இரும்பு ருசி வரும். அந்தச் சுற்றில் மனசுக்குள் என்ன ஓடும் என்பதை அதற்கு முன் எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. பேப்பரில் யார் ஜெயித்தார் என்று வரும், எத்தனை நிமிடம் என்று வரும். ஓடுகிறவளின் தலைக்குள் இருந்து யாரும் எழுதிக் காட்டியதில்லை. இந்த வரிசை அதை எழுதுகிறது. ஓட்டம் எங்கே முடிகிறது என்பதை விட, அந்தப் பிள்ளை எதில் இருந்து ஓட ஆரம்பித்தது என்பதில்தான் இந்த எழுத்தாளருக்கு அக்கறை. நாலு புத்தகத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். பின்னால் வந்த இரண்டும் நம்மிடம் இல்லாததால் போனில் வாங்கிப் படித்தேன். படித்துவிட்டு மூடி வைக்க முடியவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று லைப்ரரியனிடம் கேட்டேன், சரி என்றார். சனிக்கிழமை அப்படித்தான் ஆரம்பித்தது.

குடி வருகிறது, திருட்டு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், வருகிறது. எப்படி வருகிறது என்றும் பாருங்கள்.

கோஸ்டிடம் ஓடுவதற்கு ஷூ கிடையாது. இருப்பதை வெட்டிப் போட்டுக்கொண்டு போய்ப் பள்ளியில் கேலிக்கு ஆளாகிறான். ஒரு கடையில் வெள்ளி நிற ஷூவைப் பார்க்கிறான், எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான். அந்த இடத்தைச் சொன்ன அன்று பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். பாவம், அவங்க அம்மாகிட்ட காசு இல்லையே என்று ஒரு கட்சி. கடைக்காரம்மா சம்பளத்துல பிடிச்சுருவாங்களே என்று இன்னொரு கட்சி. கதை அதற்கு மேல் நகரவே இல்லை. அந்தக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் சம்பளத்தைப் பற்றி நான் சொல்லவே இல்லை. துணிக்கடைக்கு வேலைக்குப் போகும் அக்கா இருக்கும் ஒரு பிள்ளை சொன்ன பாயிண்ட் அது. அடுத்த வாரம், கோச் அவனை அதே கடைக்குக் கூட்டிப்போய்ச் செய்ததை அவன் வாயாலேயே சொல்ல வைக்கும் இடம் வந்தபோது இரண்டு கட்சியும் வாயை மூடிக்கொண்டு கேட்டது. திருடாதே என்று சுவரில் எழுதி வைத்து எந்தப் பிள்ளையை இவ்வளவு நேரம் யோசிக்க வைக்க முடியும்? நீதிக் கதைகள் நம் அலமாரி முழுக்க இருக்கின்றன. அவற்றைக் கேட்டு ஒருநாளும் இந்தப் பிள்ளைகள் சண்டை போட்டதில்லை.

குடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யார் என்று சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்கக் கூடாது. எழுதலாமா என்று அவனிடமே கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எப்போதும் கதவோரம் உட்காரும் ஒரு பையன். ஒருநாள் எல்லோரும் போன பிறகு, பாயைச் சுருட்டிக்கொண்டே, "அக்கா, அவங்க அப்புறம் வேற வீட்டுக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டான். இல்லை, அதே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஆனால் உள் அறையில் படுப்பதில்லை, ஹாலில்தான் அம்மாவும் பையனும் படுத்துக்கொள்கிறார்கள், சட்டென்று வெளியே ஓட வசதியாக இருக்கும் என்று சொன்னேன். புத்தகத்தில் இருப்பதைத்தான் சொன்னேன். அவன் பாயை மூலையில் வைத்துவிட்டு, "நாங்களும் அப்படித்தான் படுப்போம்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. பை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை கதவோரத்தில் இருந்து நடுவில் வந்து உட்கார்ந்தான்.

சித்தூர் தாலுகாவில் கள்ளும் சாராயமும் என்ன செய்திருக்கின்றன என்று இந்த ஊரில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. குடி குழந்தைகளுக்கு ஏற்றதில்லை என்று எழுதினீர்களே, அது குழந்தைகளின் வீட்டுக்குள் இருக்கிறது மாஷ். நாம் கதையில் இருந்து அதை எடுத்துவிட்டால் வீட்டில் இருந்து போய்விடாது. தன் வீட்டில் நடப்பது உலகத்தில் வேறு எங்கேயும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளை தனியாக இருக்கும், அவ்வளவுதான்.

'கோஸ்ட்' எப்படி முடிகிறது தெரியுமா? முதல் பெரிய போட்டி. பிள்ளைகள் கோட்டில் குனிந்து நிற்கிறார்கள். துப்பாக்கி வெடிக்கிறது. துப்பாக்கிச் சத்தம் கேட்டு உயிருக்குப் பயந்து ஓடிய பையன், இந்த முறை அதே சத்தம் கேட்டு ஓடப் போகிறான். அங்கேயே புத்தகம் முடிந்துவிடுகிறது. யார் ஜெயித்தார் என்று இல்லை. "ஜெயிச்சது யாரு அக்கா?" என்று பிள்ளைகள் என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். மலையாளம் பேசும் வீட்டுக் குழந்தை ஒன்று புத்தகத்தை என் கையில் இருந்து வாங்கிக் கடைசித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேச்சி, இது கீறிப்போயிட்டுண்டோ?" என்றது. கிழியவில்லை, இவ்வளவுதான் என்றேன். அன்று அவர்கள் வீட்டுக்குப் போகாமல் வாசகசாலை வாசலில் நின்று, ரேஸ் எப்படிப் போயிருக்கும் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு இருந்தார்கள். படிப்புக்கு உதவாது என்கிறீர்கள். பிள்ளைகள் தாங்களாகவே ஒரு கதையின் அடுத்த பக்கத்தை உண்டாக்குவதற்கு வேறு என்ன பெயர் வைப்பீர்கள்?

'பட்டீனா' பெண் பிள்ளைகளின் புத்தகம் ஆகிவிட்டது. அப்பா இறந்துபோனவர். அம்மாவுக்குச் சுகர், கால்கள் இரண்டையும் எடுத்தாயிற்று. சித்தப்பா, சித்தி வீட்டில் தங்கையோடு வளர்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சர்ச்சுக்குப் போக வேண்டும், தங்கைக்குத் தலை பின்னி மணி கோர்த்துவிட வேண்டும். எல்லாப் பொறுப்பும் தன் தலையில் என்று நினைத்து, யாரையும் எதையும் செய்ய விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறவள். நம் ஊரில் சுகருக்குக் கால் விரல் எடுத்த அம்மாக்கள், பாட்டிகள் எத்தனை பேர்! புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகள் பாலவேதியில் இருக்கிறார்கள். அந்தப் பெண் ஓடினாள் என்று கேட்டபோது அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

அந்தப் புத்தகத்தில் ரிலே ஓட வேண்டிய நாலு பெண்களுக்கும் ஒத்துப்போகாது. கோச் அவர்களுக்கு ஓட்டப் பயிற்சியை நிறுத்திவிட்டு ஜோடி சேர்ந்து ஆடும் வால்ட்ஸ் நடனம் சொல்லிக் கொடுக்க வைக்கிறார். ஒருத்தி அடி எடுத்து வைப்பதை இன்னொருத்தி உடம்பால் உணர வேண்டும் என்பதற்காக. இதைச் சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரம் மைதானத்துப் பக்கம் போனால், நாலு பெண் பிள்ளைகள் வட்டமாக நின்று கும்மி அடித்துக்கொண்டு இருக்கிறார்கள், கையில் ஒரு தென்னை மட்டைத் துண்டு. கும்மி அடிக்கும் வேகத்திலேயே திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி அதை மாற்றிக்கொள்ளப் பழகுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பி.டி. மாஷ் கூட இல்லை. மட்டை கீழே விழுந்தால் முதலில் இருந்து கும்மி. எனக்கு அங்கே நின்று அழுகை வந்துவிட்டது. ஒரு புத்தகம் இதை விட அதிகமாக வேறு என்ன செய்யும்?

விளையாட்டு படிப்புக்கு எதிரி என்று வேறு எந்த மாவட்டக்காரர் சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம், பாலக்காட்டுக்காரர் சொல்லக் கூடாது. கேரள மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவின் தடகளத்தில் 2022லும் 2023லும் பட்டம் வாங்கியது நம் மாவட்டம். முண்டூரில் கூலி வேலை செய்யும் அப்பா அம்மாவுக்குப் பிறந்த பி.யு. சித்ரா, 2017இல் புவனேஸ்வரத்தில் ஆசிய அளவில் 1500 மீட்டர் தங்கம் வாங்கினார். அவ்வளவு வாங்கியும் அந்த வருடம் லண்டன் உலகப் போட்டிக்கு அவரை அனுப்பவில்லை. உயர் நீதிமன்றம் வரை போயும் போக முடியவில்லை. 2019இல் தோஹாவில் மறுபடி தங்கம் வாங்கினார். மலைக்கு அந்தப் பக்கம், மதுரைக்குப் பக்கத்துக் கிராமத்தில், அப்பா அம்மாவை இழந்து பாட்டியால் வளர்க்கப்பட்டு, செருப்பில்லாமல் ஓடத் தொடங்கிய ரேவதி வீரமணி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ரிலே ஓடினார். சனிக்கிழமைகளில் கோஸ்ட் கதையோடு சேர்த்து இவர்கள் கதையையும் சொல்கிறேன். சித்ரா ஜெயித்தபோது நம் முக்கில் பிளக்ஸ் வைத்தோமே, அந்தப் பெண்ணின் பள்ளிக்கூட வயதை நினைத்துப் பாருங்கள். அந்த வயதில் இருக்கும் பிள்ளைகள்தான் நம் ஹாலில் பாய் விரித்து உட்காருகிறார்கள். ஜெயித்து வந்த பிறகு பிளக்ஸ் வைக்க நமக்குத் தெரிகிறது. ஜெயிப்பதற்கு முன்னால் இருக்கும் நீண்ட வருடங்களில் அந்தப் பிள்ளைக்குப் படிக்க ஒரு கதை கொடுக்கத் தெரிய வேண்டாமா?

தரத்தைப் பற்றியும் கூட்டத்தில் பேச்சு வந்ததாகக் கேள்விப்பட்டேன். 'கோஸ்ட்' 2016இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதுக்கு இறுதிப் பட்டியல் வரை போன புத்தகம். ஜேசன் ரெனால்ட்ஸை அந்த நாட்டின் காங்கிரஸ் நூலகம் 2020இல் இளையோர் இலக்கியத்துக்கான தேசியத் தூதராக அமர்த்தியது. இவ்வளவு எழுதிய அந்த மனிதர், 17 வயது வரை ஒரு புத்தகத்தையும் முழுசாகப் படித்து முடித்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். தன்னைப் போல, தன் தெருவைப் போல இருக்கும் எதுவும் கையில் கிடைக்காமல் புத்தகத்தின் பக்கமே போகாமல் இருந்த பையன் பிற்பாடு எழுதியவை இவை. நம் பாலவேதியில் புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விடும் பையன்களுக்காக எழுதியது போலவே இருக்கின்றன. அப்படித்தான் வேலையும் செய்தன. ஓட்டத்துக்காக வந்தவர்கள் இப்போது லைப்ரரியனிடம் வேறு புத்தகம் கேட்கிறார்கள். பதிவேட்டைப் பாருங்கள், அவர்கள் பெயர் இருக்கும்.

அடித்த இரண்டு புத்தகங்களில் என்ன இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். சன்னி பிறந்தபோதே அவன் அம்மா இறந்துபோகிறார். அம்மா ஓட்டக்காரி என்பதால் அப்பா அவனை ஓட வைக்கிறார். எல்லாப் போட்டியிலும் முதலில் வரும் அந்தப் பையன், ஒருநாள் ஜெயிக்கப் போகும் போட்டியில் வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். ஓடப் பிடிக்கவில்லை, ஆடப் பிடித்திருக்கிறது. கோச் அவனுக்கு வட்டு எறிதலைக் காட்டுகிறார், ஏனென்றால் அது சுழன்று ஆடுவது போன்றது. மகனை டாக்டராகவும் இஞ்சினியராகவும் ஆக்கத் தவிக்கும் அப்பாக்கள் நிறைந்த இந்த ஊரில், பிள்ளைகளுக்கு முன்னால் பெரியவர்கள் படிக்க வேண்டிய புத்தகம் என்று நான் சொல்வேன். லூ பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்த பையன். வெள்ளை வெள்ளை என்று கூப்பிடப்படும் பிள்ளை எந்தப் பள்ளியில் இல்லை? அவன் தடை ஓட்டத்துக்கு மாறித் தடுமாறுவதைப் பிள்ளைகளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

இனி தமிழ் அலமாரிக்கு வருகிறேன். அது வேறு விஷயம் போலத் தெரியும், இல்லை. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பஞ்சாயத்து ஆபீஸிலும் பஸ்ஸிலும் மலையாளம் பேசுகிறார்கள், போனில் இங்கிலீஷ் பார்க்கிறார்கள். இங்கிலீஷில் இருக்கும் ஒரு கதையை நான் தமிழில் சொல்லும்போது, மலையாள வீட்டுக் குழந்தைகளும் அதே பாயில் உட்கார்ந்து கேட்டார்கள். புரியாத இடத்தில் பக்கத்தில் இருக்கும் பிள்ளை காதில் சொல்லிக் கொடுத்தது. எல்லையில் இருக்கும் நமக்கு இதைவிடப் பெரிய வரம் வேண்டுமா? கதை கேட்ட பிள்ளைகள் இதுபோல் தமிழில் உண்டா என்று கேட்டுத் தமிழ் அலமாரிக்குப் போனார்கள். அங்கே பழைய மாத இதழ்கள், ராஜா கதைகள், நீதிக் கதைகள், தலைவர்களின் வரலாறுகள். ஓடுகிற, பந்து உதைக்கிற, கபடி ஆடுகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கதை ஒன்று கூட இல்லை. கோயம்புத்தூர்க் கடைகளிலும் கேட்டுப் பார்த்தேன். கிரிக்கெட் வீரர்களின் வாழ்க்கை வரலாறுகளைத்தான் எடுத்துக் காட்டினார்கள். இருக்கும் கொஞ்சத்தையும் மாடிக்குக் கொண்டுபோனால், படியேறி வந்து சாவி கேட்டு எடுத்துப் படிக்க எந்தக் குழந்தைக்குத் தைரியம் வரும்?

1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைச் சேர்த்து பி.என். பணிக்கர் கிரந்தசாலை சங்கத்தை ஆரம்பித்தார். கிராமம் கிராமமாக நடந்து எழுத்தறிவு கொண்டுபோன அந்த இயக்கத்துக்கு 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருது கிடைத்தது. ஜூன் 19 வந்தால் நாமும் வாசிப்பு தினம் கொண்டாடுகிறோம், பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். 1989ஆம் வருட நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியில் ரூபாய்க்கு ஐந்து பைசா நூலகத்துக்கு என்று போகிறது. தமிழ் பேசும் வீடுகளும் அதைக் கட்டுகின்றன. அதனால் தமிழ் அலமாரி யாரோ போடும் தர்மம் இல்லை. கீழ்த் தளத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் அது இருக்க வேண்டும் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

பி.எஸ்.சி. பயிற்சிக்கு நான் எதிரி இல்லை. என் தம்பியும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறான். வேலை கிடைத்தால் குடும்பம் நிமிரும் என்று தெரியாதா? ஆனால் ஹால் வாரம் முழுக்க ராத்திரி எட்டு மணி வரை திறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கக் காலியாக இருக்கிறது. குழந்தைகளுக்கு இருப்பது அந்த ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம். அதைத்தான் எடுக்க வேண்டுமா? வாசகசாலையை நடத்துவதில் உங்களுக்கு இருக்கும் கஷ்டம் எனக்குத் தெரியும். சம்பளமில்லாமல் ஓடுகிறீர்கள், கிராண்ட் தாமதமாக வருகிறது, வாசகசாலையின் கிரேடு போய்விடக் கூடாது என்று பதிவேடுகளைச் சரியாக வைக்கப் படாதபாடு படுகிறீர்கள். அதற்கெல்லாம் மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் சொல்கிறேன், இந்த முடிவு தவறு, திரும்பப் பெற வேண்டும்.

நான் கேட்பது இவைதான்.

சனிக்கிழமை நாலு மணியில் இருந்து ஐந்து மணி வரை ஹாலைப் பாலவேதிக்குத் திரும்பக் கொடுங்கள். பி.எஸ்.சி. பயிற்சியை ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள். நாற்காலி போட, எடுக்க நானும் வருகிறேன்.

'சன்னி', 'லூ' இரண்டையும் வாங்கும் பட்டியலில் மறுபடி சேருங்கள். பணம்தான் பிரச்சினை என்றால் சொல்லுங்கள், பால் சொசைட்டியில் உண்டியல் வைத்தாவது கொண்டுவருகிறோம். ஆனால் ஏற்றதில்லை என்ற காரணத்தைப் பதிவேட்டில் இருந்து எடுத்துவிடுங்கள். அந்தக் காரணம் அங்கே இருந்தால் நாளைக்கு வேறொரு குழு அதைக் காட்டி வேறொரு புத்தகத்தையும் அடிக்கும்.

தமிழ் அலமாரியைக் கீழேயே வையுங்கள். வருடத்துக்கு வாங்கும் குழந்தைப் புத்தகங்களில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் எவ்வளவு என்று பொதுக்குழுவில் வைத்து முடிவு செய்யுங்கள். அந்தப் பொதுக்குழுவில் பாலவேதிப் பிள்ளைகள் இரண்டு பேர் எழுந்து பேச அனுமதி கொடுங்கள். கதவோரத்தில் இருந்து நடுவுக்கு வந்தவன் பேசுவானா என்று தெரியாது. கும்மி அடித்தவர்கள் கண்டிப்பாகப் பேசுவார்கள்.

இந்த வரிசையைத் தமிழில் கொண்டுவர உரிமை வாங்க முடியுமா என்று தமிழ்ப் பதிப்பகங்களைக் கேட்டு வாசகசாலையின் பெயரில், முத்திரையோடு ஒரு கடிதம் எழுதுங்கள். மலையாளத்துக்கும் அப்படியே. தனி ஆள் நான் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாசகசாலை எழுதினால் பதிலாவது வரும். எழுத்து வேலை என்னிடம் கொடுங்கள், நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

கடைசியாக ஒன்று. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு முன்னால் உங்களில் ஒருவராவது 'கோஸ்ட்' படியுங்கள். சிறிய புத்தகம். லைப்ரரியன் மேசையில் இருக்கிறது. படித்துவிட்டு, அதன் பிறகும் இது பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால், அதைக் காரணத்தோடு எழுதி, சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து பிள்ளைகளிடமே படித்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும் பதில் சொல்லுங்கள்.

இந்த மடலுக்கான பதிலைத் தமிழிலும் மலையாளத்திலும் அதே அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமைக் கதை சொல்லும் வாசகசாலை உறுப்பினர்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்